பேசிக்கொண்டே ஓடுங்கள்: கத்திரி வெயிலில் கூட்டாளியோடு ஒரு ஞாயிறு ஓட்டம்

செட்டிநாட்டில் எங்கள் ஊரான கானாடுகாத்தானில் மே மாதம் காலை 7 மணிக்கு மேல் ஷூவை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிப் பாருங்கள். திண்ணையில் உட்கார்ந்திருக்கிற ஆச்சி யாராவது "ஏப்பா, இந்த வெயில்ல எங்க ஓடுற, யாரு தொரத்துறா?" என்று கட்டாயம் கேட்பார். நியாயமான கேள்விதான். அதற்குச் சரியான பதில், 7 மணிக்குள் ஓட்டத்தை முடித்துவிட்டு அதே திண்ணையில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருப்பது.

போட்டிக்குத் தயாராகிறவர்களுக்கு இதில் ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கூட்டாளி ஒருவரோடு ஐம்பது நிமிடம், ஒரு மணி நேரம் ஊர்க்கதை பேசிக்கொண்டே ஓட வேண்டும், கத்திரி வந்துவிட்டது என்பதற்காக அதை விட்டுவிட மனமில்லை என்கிறவர்களுக்காக எழுதுகிறேன். இதில் நான் சொல்வதில் பாதி, போன வருஷம் செய்த ஒரு முட்டாள்தனத்தில் கற்றுக்கொண்டது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் கூட்டாளி பெங்களூருவில் இருக்கிறான். பிள்ளைகளுக்கு லீவு விட்டதும் மே மாதம் குடும்பத்தோடு ஊருக்கு வருவான். அங்கே வாரத்துக்கு நாலு நாள் ஓடுகிறவன், அரை மாரத்தான் இரண்டு மூன்று முடித்தவன், என்னைவிட நல்ல வேகம். நான் வருஷம் பூராவும் இங்கேயே செம்மண் புழுதியில் மெதுவாக ஓடுகிற ஆள். வந்த மறுநாளே "வா மாப்ள, ஓடலாம்" என்றான். முதல் நாள் இரவு கல்யாண வீடு, தூக்கம் நாலு மணி நேரம்கூட இல்லை, கிளம்பும்போதே 6.45. முதல் மூன்று கிலோமீட்டர் அவன் முன்னால், நான் பின்னால் இரைக்க இரைக்க. ஐந்தாவது கிலோமீட்டரில் நான் அவனை எட்டிப் பிடித்துவிட்டேன். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும், ஆனால் எனக்குப் பெருமைதான் வந்தது. "பெங்களூருக்கு என்னைக்கு டிக்கெட்?" என்று கேட்டேன். "ம்" என்றான். இருபது முப்பது அடி போன பிறகு, "எந்த டிக்கெட்?" என்றான். அந்த வெயிலில் அவன் கையில் மயிர் குத்திட்டு நிற்கிறது, மார்கழிக் குளிரில் நிற்கிற மாதிரி.

புளியமரத்தடியில் உட்கார வைத்தேன். கையில் இருந்தது ஒரே ஒரு பாட்டில். குடத்தோடு அந்த வழியாக வந்த அம்மா ஒருவர், ஒன்றும் கேட்காமல் குடத்தைச் சாய்த்து அவன் தலையில் ஊற்றினார். "குடிக்க அப்புறம் குடு, மொதல்ல ஒடம்பு குளிரட்டும்" என்றார். எந்த முதலுதவிப் பாடமும் படிக்காமல் சரியாகச் சொன்னார். கால் மணி நேரத்தில் அவனுக்கு டிக்கெட் தேதி ஞாபகம் வந்தது, தலைவலி மட்டும் சாயங்காலம் வரை விடவில்லை.

அன்றிலிருந்து எங்களுக்குள் இரண்டு சட்டம். வேகத்தைத் தீர்மானிப்பது வெயிலுக்குப் புதியவர், அவர் எவ்வளவு பெரிய ஓட்டக்காரராக இருந்தாலும் சரி. இரண்டாவது, பேச்சு நின்றால் ஓட்டமும் நிற்கும்.

வெயிலுக்குப் புதியவர் யார்

ஓடும்போது உடம்பு எரிக்கிற சக்தியில் ஐந்தில் ஒரு பங்கு, மிஞ்சினால் நாலில் ஒரு பங்குதான் கால்களை நகர்த்தப் போகிறது. மிச்சமெல்லாம் சூடு. அந்தச் சூட்டை ரத்தம் தோலுக்குக் கொண்டுவர வேண்டும், அங்கே வியர்வை ஆவியாகி அதை வெளியே தள்ள வேண்டும். அதனால் இதயத்துக்கு ஒரே நேரத்தில் இரண்டு வேலை, தசைக்கும் ரத்தம் அனுப்ப வேண்டும், தோலுக்கும் அனுப்ப வேண்டும். தை மாதத்தில் சுலபமாக ஓடிய அதே வேகத்துக்குச் சித்திரையில் நாடித்துடிப்பு ஏறுவது இதனால்தான். உங்கள் பயிற்சி ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

உடம்பு இதற்குப் பழகிக்கொள்ளும், ஆனால் 10 முதல் 14 நாள் கேட்கும். தினமும் கொஞ்ச நேரம் வெயிலில் உழைத்தால் ரத்தத்தில் நீர்ப்பகுதி கூடும், வியர்வை சீக்கிரமே தொடங்கும், வியர்வையோடு போகிற உப்பு குறையும். பெங்களூருவில் ஓடி வளர்த்த நுரையீரலும் காலும் இதற்கு ஈடாகாது. சிங்கப்பூரிலிருந்து வருகிறவர்கள் "எங்களுக்கு வெயில் பழக்கம்தான்" என்பார்கள். ஏசி வீட்டிலிருந்து ஏசி ரயிலுக்கும் அங்கிருந்து ஏசி ஆபீசுக்கும் போகிற பழக்கத்தை வெயில் பழக்கம் என்று கணக்கில் எடுக்காதீர்கள்.

ஆகவே வெளியூர்க் கூட்டாளி வந்த முதல் வாரம் 20 நிமிடம் போதும், பாதி நடை பாதி ஓட்டம். இரண்டாவது ஞாயிறு 35, 40 நிமிடம். மூன்றாவது வாரம்தான் ஒரு மணி நேரம். அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் வைத்துக்கொள்ளட்டும்.

காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்து இரண்டு மூன்று நாள்கூட ஆகாதவர், முதல் நாள் இரவு சரக்கு அடித்தவர், கல்யாண வீட்டில் விடிய விடிய முழித்தவர், யாராக இருந்தாலும் அன்றைக்கு ஓட வேண்டாம், சும்மா ஒரு நடை போய் வரலாம். பிரஷர் மாத்திரையில் சில வகை சிறுநீரைக் கூட்டும், சளிக்குப் போடுகிற மாத்திரையில் சில வகை வியர்வையைக் குறைக்கும். அப்படி ஏதாவது சாப்பிடுகிறவர்களும் இதய நோய் உள்ளவர்களும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டே இறங்குங்கள்.

எப்போது, எந்தப் பாதை

மே மாதத்தில் இங்கே 6 மணிக்குச் சற்று முன்னாலேயே சூரியன் வந்துவிடும். நாங்கள் 4.30-க்கு எழுந்து 5.10-க்குக் கிளம்பி 6.10-க்குள் முடிக்கிறோம். "சாயங்காலம் ஓடினால் என்ன?" என்று கேட்பவர்களுக்கு: பகல் முழுக்கக் குடித்த சூட்டைத் தார் ரோடும் காரைச் சுவரும் பொழுது சாய்ந்த பிறகும் திருப்பிக் கக்கிக்கொண்டே இருக்கும். சுவரில் கையை வைத்துப் பாருங்கள். காலை நேரம்தான் மேல். ஆனால் விடியற்காலையிலும் ஒரு சிக்கல் உண்டு, சூடு குறைவாக இருக்கிற அந்த நேரத்தில்தான் காற்றில் ஈரப்பதம் அதிகம். வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும், மூக்கு நுனியிலிருந்து சொட்டுகிற வியர்வையால் ஒரு பயனும் இல்லை. காற்று அசையாத, புழுக்கமான காலை என்றால் 26 டிகிரியைப் பார்த்து ஏமாறாமல் இன்னும் மெதுவாகப் போங்கள்.

பாதை விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். நேராகப் போய்த் திரும்பி வருகிற ஓட்டமே கூடாது. திரும்புகிற இடத்தில்தான் களைப்பு வரும், அப்போது வீடு இன்னும் ஐந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கும், வெயிலும் ஏறியிருக்கும். அதற்குப் பதிலாகச் சுற்று. ஊருணியை ஒட்டித் தொடங்கி இரண்டு தெரு ஏறி இறங்கி, தைலமரத் தோப்பை ஒட்டிய மண்பாதை வழியாக வந்தால் எங்களுக்குச் சுமார் இரண்டு கிலோமீட்டர். ஒவ்வொரு சுற்றிலும் வாசலில் நிறுத்திய பைக்கைத் தாண்டித்தான் போக வேண்டும், அதில்தான் தண்ணீர். யாருக்கு முடியவில்லையோ அவர் அங்கேயே நின்றுகொள்ளலாம், பெரிய விஷயமே இல்லை.

செட்டிநாட்டுத் தெருவில் ஓடுவதற்கென்று ஒரு வசதி இருக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள். இங்கே வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும், சுவர்கள் ஆள் உயரத்துக்கு மேல் இன்னும் இரண்டு ஆள் உயரம் நிற்கும். வடக்கு தெற்காகப் போகிற தெருவில் காலையில் கிழக்குப் பக்க வீடுகளின் நிழல் தெருவையே மூடியிருக்கும், சூரியன் வந்த பிறகும் முக்கால் மணி நேரம் நிழலிலேயே ஓடலாம். கிழக்கு மேற்காகப் போகிற சந்தில் நுழைந்தீர்களோ, வெயில் நேரே கண்ணில் அடிக்கும். அதனால் முதல் இரண்டு சுற்று எப்படி வேண்டுமானாலும் போங்கள், வெயில் வந்த பிறகு வருகிற சுற்றை வடக்கு தெற்குத் தெருக்களில் வைத்துக்கொள்ளுங்கள்.

திருச்சி ரோட்டுப் பக்கம் போகவே போகாதீர்கள். இருட்டோடு கிளம்பினால் ஒரு டார்ச், ஒளிபடும் பட்டை ஒட்டிய பனியன். பழனிக்கு நடந்து போகிற பாதயாத்திரைக்காரர்கள் பையில் ஒட்டியிருப்பார்களே, அதே ஸ்டிக்கர் போதும். மண்பாதையில் டார்ச்சைக் காலடியிலேயே வைத்திருங்கள், பூச்சி பொட்டு கிடக்கும். நாய் குரைத்தால் ஓட்டத்தை நிறுத்தி நடங்கள், இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டு, அதன் கண்ணைப் பார்க்காமல். ஓடுகிறவரைத்தான் அது துரத்தும்.

சனிக்கிழமை ராத்திரி

இரண்டு பாட்டில் எடுத்து அரைவாசி தண்ணீர் ஊற்றி ஃப்ரீசரில் படுக்க வைத்துவிடுங்கள், காலையில் மீதியை நிரப்பினால் ஒரு மணி நேரம் ஜில்லென்று இருக்கும். முழுக்க நிரப்பி வைத்தால் பாட்டில் வெடிக்கும், காலையில் குடிக்கக் கட்டி ஐஸ்தான் இருக்கும். (இதை நான் செய்திருக்கிறேன்.) ராத்திரிச் சாப்பாடு சீக்கிரம், எண்ணெய் அதிகமில்லாமல். காலையில் ஒரு டம்ளர் தண்ணீர், காபி இல்லாமல் முடியாது என்றால் காபியும் குடியுங்கள். ஒரு டம்ளர் காபியில் உடம்பு வற்றிப்போய்விடாது, அது வெறும் பேச்சு.

உடுப்பு மெல்லிசாக, வெளிர் நிறத்தில், சீக்கிரம் காய்கிற பாலியஸ்டர் துணியில் இருக்கட்டும். பருத்தி பனியன் வியர்வையைக் குடித்து ஈரச் சாக்கு மாதிரி கனக்கும், அக்குளையும் தொடையையும் அறுக்கும். அந்த இடங்களில் கொஞ்சம் வாஸ்லின் தடவுங்கள். பருத்தி வேண்டிய ஒரே இடம் கழுத்து. ஒரு சின்னத் துண்டை நனைத்துப் போட்டுக்கொண்டால் பாதி ஓட்டம் வரை கழுத்தில் குளிர்ச்சி இருக்கும், காய்ந்ததும் பைக்கிடம் வரும்போது திரும்ப நனைத்துக்கொள்ளலாம். கிளம்புமுன் ஒரு வாளி தண்ணீர் தலையோடு ஊற்றிக் குளித்துவிட்டு வந்தால் இன்னும் நல்லது. வெயில் காலத்தில் கால் வீங்கும், புது ஷூ வாங்குவதானால் பெருவிரலுக்கு முன்னால் கொஞ்சம் இடம் விட்டு வாங்குங்கள்.

ஓட்டம்

கடிகாரத்தில் வேகத்தைப் பார்க்கவே பார்க்காதீர்கள். எனக்கு மற்ற மாதங்களில் ஒரு கிலோமீட்டருக்கு ஆறரை நிமிடம், மே மாதத்தில் ஏழே கால், சில நாள் ஏழரை. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. முதல் பத்து நிமிடம், பக்கத்தில் சைக்கிளில் போகிற பால்காரர் "என்னப்பா நடக்குறியா ஓடுறியா?" என்று கேட்கிற அளவுக்கு மெதுவாகப் போங்கள்.

அப்புறம் பேச்சு. ஒரு முழு வாக்கியத்தை நடுவில் மூச்சு வாங்காமல் சொல்ல முடிந்தால் வேகம் சரி. நாலு வார்த்தைக்கு ஒருமுறை நின்றால் குறையுங்கள். இது பழைய முறைதான், ஆனால் கூட்டாளியோடு ஓடும்போது இதற்கு இன்னொரு உபயோகம் இருக்கிறது. சூடு ஏறினால் முதலில் மங்குவது புத்தி, அதனால் தனக்கு முடியவில்லை என்பது அந்த ஆளுக்கே தெரியாது, "நல்லாத்தான் இருக்கேன்" என்றுதான் சொல்வார். ஆகவே "எப்படி இருக்கு?" என்று கேட்டுப் பிரயோஜனமில்லை. யோசித்துப் பதில் சொல்ல வேண்டிய கேள்வியாகக் கேளுங்கள். "உன் சின்ன மகளுக்கு எத்தனையாம் தேதி பள்ளிக்கூடம் திறக்குது?", "போன வாரம் உங்க சித்தப்பா வீட்டு மொய் எவ்வளவு எழுதின?" இப்படி. பதில் தாமதமாக வந்தாலோ, கேள்வியையே திருப்பிக் கேட்டாலோ, எப்போதும் வாயாடுகிறவர் சும்மா வந்தாலோ, உடனே நடை. பக்கத்தில் பக்கத்தில் ஓடுவதும் இதற்காகத்தான். முன்னும் பின்னுமாக ஓடினால் முகம் தெரியாது.

நாலு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று ஆரம்பத்திலிருந்தே பிரித்துக்கொள்வது இன்னும் புத்திசாலித்தனம். களைத்த பிறகு நடப்பது வேறு, களைப்பதற்கு முன்பே நடப்பது வேறு. இதை உலகம் பூராவும் பரப்பியவர் ஜெஃப் காலோவே, 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடியவர். அவரே நடக்கச் சொன்னார் என்றால் நமக்கென்ன கௌரவம்?

குடிப்பது

தாகம் எடுத்தால் குடியுங்கள், இவ்வளவுதான். ஒவ்வொரு சுற்றுக்கும் நாலைந்து வாய் போதும். வெயில் என்ற பயத்தில் வெறும் தண்ணீரை லிட்டர் கணக்கில் ஊற்றிக்கொண்டால் ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகும். தலைவலி, வாந்தி, குழப்பம் என்று அதுவும் ஆபத்தில்தான் முடியும். உங்களுக்கு எவ்வளவு வியர்க்கிறது என்று தெரிய வேண்டுமானால் ஓடுவதற்கு முன்னும் பின்னும் ஈரத் துணி இல்லாமல் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர், நடுவில் குடித்ததையும் அதோடு கூட்டிக்கொள்ளுங்கள். அதை அடுத்த சில மணி நேரத்தில் மெதுவாக ஈடுகட்டினால் போதும்.

இளநீரைப் பற்றி ஒன்று. அதில் பொட்டாசியம் நிறைய, ஆனால் வியர்வையில் நாம் இழப்பது பெரும்பாலும் சோடியம், அதாவது சாப்பாட்டு உப்பு. அது இளநீரில் குறைவு. எனவே எனக்கு ஓட்டம் முடிந்ததும் உப்புப் போட்ட நீர்மோர்தான் முதலில், இளநீர் அதற்கப்புறம் நாக்குக்காக. ரொம்ப வியர்க்கிறவர்கள் மருந்துக்கடையில் கிடைக்கிற ஓஆர்எஸ் பொடியை வைத்துக்கொள்ளலாம், ஆனால் ஒரு லிட்டருக்கான பாக்கெட்டை ஒரு லிட்டரில்தான் கலக்க வேண்டும், ஒரு டம்ளரில் கொட்டிக் கலக்கிக் குடிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வீட்டிலேயே என்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு மட்டமாக ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு.

ஏதாவது ஆகிவிட்டால்

தலைசுற்றல், குமட்டல், உடம்பு சில்லிடுதல், கால் தள்ளாடுதல், இதில் எது வந்தாலும் அன்றைய ஓட்டம் முடிந்தது. நிழலில் படுக்க வைத்துக் காலைச் சற்று உயர்த்தி, உடம்பை நனைத்து விசிறுங்கள். புத்தி தெளிவாக இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுக்கலாம்.

உளறுவது, ஆள் அடையாளம் தெரியாமல் கோபப்படுவது, விழுந்துவிடுவது, வலிப்பு, இதெல்லாம் வந்தால் அது ஹீட் ஸ்ட்ரோக். உள்சூடு 104 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டியிருக்கும். 108-க்கு ஃபோன் போட்டுவிட்டு, ஆம்புலன்ஸ் வரும் வரை காத்திருக்காமல் குளிர வைக்கத் தொடங்குங்கள். பக்கத்தில் பம்ப்செட் தொட்டி இருந்தால் தலையைப் பிடித்துக்கொண்டு உடம்பை அதில் இறக்குவது எல்லாவற்றையும்விட மேல். இல்லாவிட்டால் குடம் குடமாக ஊற்றி, கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் ஐஸ் பாட்டிலை வையுங்கள். நினைவு சரியில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது. வியர்வை நின்றுபோனால்தான் ஹீட் ஸ்ட்ரோக் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது, ஓடுகிறவர்களுக்கு அது பொருந்தாது, வியர்த்துக்கொண்டிருக்கும்போதே வரும். 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு முதல் முறையாக மாரத்தான் வைத்தபோது சுவிட்சர்லாந்தின் கேப்ரியலா ஆண்டர்சன்-ஷீஸ் மைதானத்துக்குள் உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தபடி தள்ளாடி நுழைந்தார், கடைசிச் சுற்றுக்கு மட்டும் ஐந்தே முக்கால் நிமிடம் போல எடுத்து 37-ஆவதாக முடித்தார். பிழைத்துக்கொண்டார். உலகமே எழுந்து நின்று கைதட்டியது. உங்கள் கூட்டாளி அப்படி வந்தால் கைதட்ட வேண்டாம், பிடித்து உட்கார வையுங்கள்.

முடிந்த பிறகு

கடைசி ஐந்து நிமிடம் நடை. வந்தவுடனே ஃபேன் அடியில் சோபாவில் விழாதீர்கள், சோபா நனையும், வீட்டில் திட்டு விழும். எங்கள் வீட்டில் முற்றத்தை ஒட்டி ஆத்தங்குடிக் கல் பதித்த தரை இருக்கிறது. பனியனைக் கழற்றிவிட்டு அதில் மல்லாந்து படுத்து, காலைத் தூண் மேல் சாய்த்து வைத்தால், முதுகுச் சூட்டைத் தரை வாங்கிக்கொள்வது தெரியும். ஒரு இடம் சூடானதும் ஒரு அடி நகர்ந்து படுக்க வேண்டும். பத்து நிமிடத்தில் இரண்டு பேரும் நகர்ந்து நகர்ந்து முற்றத்துக்கு அந்தப் பக்கம் போயிருப்போம், தரையில் ஈர முதுகு வரிசையாக அச்சு விழுந்திருக்கும்.

அப்புறம் வெள்ளைப் பணியாரம், காரச் சட்னி. உப்பும் போய்ச் சேரும், மாவுச்சத்தும் போய்ச் சேரும். பத்து மணிக்கு நுங்கு வண்டி வந்தால் அதுவும்.

இந்த வருஷம் அவன் வந்து மூன்றாவது ஞாயிறு, நாலாவது சுற்றில், வெயில் சுவருக்கு மேல் எட்டிப் பார்க்கிற நேரத்தில் கேட்டேன், "மாப்ள, பெங்களூருக்கு என்னைக்கு டிக்கெட்?" தேதி, வண்டி, கோச், நாலு பேருக்குப் போட்டதில் இரண்டு பேருக்குத்தான் கன்ஃபர்ம், மீதி இரண்டும் வெயிட்டிங் லிஸ்ட், தட்கலில் முயன்று பணம் போய்த் திரும்பி வந்தது, இதற்கு மாமியார் சொன்ன யோசனை, அதற்கு அவன் மனைவி சொன்ன பதில் என்று ஊருணி வரைக்கும் மூச்சு விடாமல் புலம்பிக்கொண்டே வந்தான். சரி, இன்னொரு சுற்று போகலாம் என்றேன்.